மர்ரே சரி என்று சொன்ன டர்போ வண்டி

நோலீனுக்குக் காரைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். பெட்ரோல் எங்கே ஊற்றுவது, கண்ணாடி கழுவும் தண்ணீர் எங்கே ஊற்றுவது. மற்றதெல்லாம் வண்டி வேலை தெரிந்த தம்பி மர்ரே பார்த்துக்கொள்வான். ஐம்பத்து நாலு வயது வரைக்கும் அப்படியே ஓடிவிட்டது.

அவளுடைய பழைய காரை ஜூலையில் குறுக்கே பாய்ந்த ஒரு கங்காரு முடித்துவைத்தது. வீடு டிம்பூலா என்ற சின்ன ஊரில், வேலை பக்கத்து நகரமான ஹார்ஷமில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். கூட வேலை பார்க்கும் பெவ்தான் இப்போது வழியில் ஏற்றிக்கொண்டு போகிறாள். செப்டம்பர் வந்து, எண்ணெய்க்கு விதைக்கிற கனோலா வயலெல்லாம் மஞ்சளாக நிற்கிறது. அறுவடை தொடங்கிவிட்டால் நெடுஞ்சாலை முழுக்கத் தானிய லாரிதான், ஒவ்வொன்றும் ரயில் நீளம். போன அறுவடையில் அப்படி ஒரு லாரியை முந்தப் போய் பாதியில் அவள் கார் திணறிவிட்டது. எதிரே வந்தவன் மண்ணில் இறங்கி வழி விட்டதால் பிழைத்தாள். அன்றைக்கே நினைத்துக்கொண்டாள், அடுத்த வண்டி மிதித்தால் பாய வேண்டும் என்று.

அதனால்தான் ஊர்க்காரர் லோரி விற்கப்போகிற, மிதித்ததும் இன்ஜினுக்குக் கூடுதல் வேகம் தரும் டர்போ வண்டியின் மேல் கண் விழுந்தது. பதினெட்டு வருஷத்துப் பழசு, ஆனால் பார்க்க லட்சணமாக இருந்தது.

"பழைய டர்போவா? உனக்குப் பித்து பிடிச்சிருக்கு" என்றாள் பெவ். "அதை வாங்கினவன் எவனும் மெதுவா ஓட்டிருக்க மாட்டான். டர்போ போச்சுன்னா இன்ஜினையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். உனக்கு அதுல என்ன தெரியும்?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? மர்ரே வந்து பாக்கறான். அவன் சரின்னா சரி."

"ஆமா, லோரியும் நம்ம கிளப் ஆளுதான்" என்று பெவ்வும் அடங்கிவிட்டாள். அந்த ஊரில் கால்பந்து கிளப் ஆள் கிளப் ஆளை ஏமாற்ற மாட்டான் என்பது வேதவாக்கு மாதிரி. லோரி அந்தக் கிளப்பின் பயிற்சியாளர். மர்ரேயின் மகன் ஜாரட் இரண்டாவது அணியில் ஆடிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அரையிறுதி. பெரிய அணியில் ஒரு இடம் காலி. அதில் யார் ஆடுவது என்று வியாழக்கிழமை ராத்திரி லோரிதான் பெயர் போடுவார்.

புதன்கிழமை சாயங்காலம் மர்ரேயின் வண்டியில் அக்காவும் தம்பியும் லோரி வீட்டுக்குப் போனார்கள்.

இணையத்தில் படித்தபடி நோலீன் முதலில் இன்ஜின் மூடி மேல் கை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. கோளாறை மறைக்க முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை. அவளுக்கே தன் மேல் பெருமையாக இருந்தது.

"பார்ரா, டாக்டரம்மா காய்ச்சல் பாக்கறாங்க" என்று சிரித்தார் லோரி. "ஸ்டார்ட் பண்ணு, நோலீன்."

திருகியதும் பிடித்துக்கொண்டது. பின்னால் புகை இல்லை. மர்ரே தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து மறுபடி முக்கி எடுத்தான்.

"எவ்ளோ நாளா வச்சிருக்கே, லோரி? டர்போவுல எப்பவாவது கை வச்சிருக்கியா?"

"தொட்டதே இல்ல, நண்பா."

"சுத்தமா இருக்கு, நோல். எனக்குக் காசு இருந்தா நானே எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். பூட்ஸ் கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

போதும். நோலீன் மனதுக்குள் அந்த வண்டியில் லாரியை முந்திக்கொண்டிருந்தாள். லோரி பதிவுக் காகிதம் எடுக்க உள்ளே போனார். அவர் மனைவி கோரல் தேநீரும் பழ ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்கே போறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், நோலீன். இது யார் கைக்கோ போயிடுமோன்னு இருந்தேன். மர்ரே அதுக்கடியிலயே எத்தனை சனி ஞாயிறு கெடந்தான்! முன்னெல்லாம் காலையில கெளப்புனா நீலப் புகை. காயப்போட்ட துணியெல்லாம் நாறும். மூணு தடவ திரும்பத் துவைச்சிருக்கேன். ஏதோ கெட்டி ஆயிலை ஊத்தி நிறுத்திட்டான். கெட்டிக்காரன் உன் தம்பி!"

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் தட்டுகிற சத்தம் நின்றது. பூட்ஸ் இரண்டும் அசையவில்லை.

நீலப் புகை வந்தால் டர்போ போகப்போகிறது என்றும், கெட்டி ஆயில் அதை மறைக்குமே தவிரத் தீர்க்காது என்றும் அவள் இணையத்தில் படித்திருந்தாள். நோலீன் அந்தப் பூட்ஸையே பார்த்தாள். வெளியே வந்து "ஆமா நோல், சொல்ல மறந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவன் வரவில்லை.

லோரி காகிதத்தோடு வந்தார். "என்ன, முடிச்சிடலாமா?"

"வேணாம், லோரி. பெரிய வண்டியா இருக்கு எனக்கு."

கோரல்தான் பாவம், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் முழித்தாள்.

திரும்பும் வழியில், ஊர் எல்லை வந்ததும் மர்ரே பேச்செடுத்தான்.

"ரெண்டு வருஷம் ஓடியிருக்கும், நோல். கண்டிப்பா ஓடியிருக்கும்."

"எது? பாதியில நிக்கற வரைக்குமா?"

"நின்னா நான் வந்து பாத்திருப்பேன்ல? ஒரு பைசா உன்கிட்ட வாங்கியிருக்க மாட்டேன்."

"லாரிக்குப் பக்கத்துல நின்னிருந்தா? அங்க வந்து பாத்திருப்பியா, மர்ரே?"

அவன் வேகத்தைக் குறைத்தான். பிறகு மெதுவாக, "ஜாரட்டுக்கு அந்த இடம் வேணும். லோரிக்கு வண்டி போகணும். எதையும் வெளிப்படையாப் பேசிக்கல" என்றான்.

"தெரியாதவன் தலையில கட்டியிருக்கலாமே."

"தெரியாதவன் கூடவே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வருவான், நோல்."

அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது போலிருந்தது. நோலீன் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வரவில்லை. மற்றவர்களெல்லாம் சரிபார்த்து வாங்குவார்கள். அவள் ஒருத்திதான் சரிபார்க்க மாட்டாள். ஏனென்றால் அவளுக்குத் தம்பி இருக்கிறான். அதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை ஜாரட்டின் பெயர் பெரிய அணியில் வந்தது. ஊரே ஆட்டம் பார்க்கப் போன சனிக்கிழமை, நோலீன் பெவ்வின் காரைக் கடன் வாங்கிக்கொண்டு ஸ்டாவெல் என்ற வெளியூருக்குப் போனாள். அங்கே யாரோ ஒருவர் விற்கிற, டர்போ இல்லாத ஒரு வேன் மாதிரி வண்டி. பார்த்துச் சொல்ல, முன்பின் அறியாத மெக்கானிக் ஒருத்தனுக்குக் கூலி பேசி வரச் சொல்லியிருந்தாள். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். அவளும் புரியாததையெல்லாம் வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டுக் கேட்டு அவனுக்கே அலுத்துவிட்டது.

"இவ்ளோ கஷ்டப்படறீங்களே, சொந்தத்துல யாருக்கும் வண்டி வேலை தெரியாதா?" என்றான்.

"யாருக்கும் தெரியாது" என்றாள் நோலீன். "நீ சொல்லு. அந்த பெல்ட் எதுக்கு?"