முன்கூட்டியே அழுதவர்

கரப்பான் பூச்சி மருந்து விளம்பரத்துக்கு அலறி முடித்த கையோடு அவரை அக்காவுக்கு அஞ்சலி வாசிக்கச் சொன்னார்கள். அதே அறை, அதே மைக். மைக்குக்கு மாட்டியிருந்த பஞ்சு உறை காலையிலிருந்து எத்தனை பேர் வாய் நாற்றத்தை வாங்கியிருந்ததோ, கிட்டே போனாலே குமட்டியது.

அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. வானொலியில் செய்தி வாசித்து, தொலைக்காட்சிக்குத் தாவி, அங்கே தலை நரைத்ததும் முகம் வேண்டாம் குரல் மட்டும் போதும் என்றதால் பின்னணி பேச வந்தவர். நகரத்தில் பாதி லிஃப்ட்டுகளில் ‘கதவு மூடுகிறது’ என்று சொல்வது அவர்தான். வில்லன்களுக்குப் பேசியிருக்கிறார், கழிவறை திரவத்துக்குப் பேசியிருக்கிறார், திரவம் கொல்லுகிற கிருமிக்கும் அவரே பேசியிருக்கிறார்.

உயிரோடு இருப்பவர்களுக்கு முன்கூட்டியே அஞ்சலியைப் பதிவு செய்து வைப்பது தொழிலில் வழக்கம்தான். ஆள் போன பிறகு ஆள் தேடி ஓட முடியுமா? வெண்கலமே நிறையப் பேரை இப்படி வழியனுப்பி வைத்திருக்கிறார். அதில் சிலர் தேறி எழுந்து, ஏதாவது கல்யாண வீட்டில் பார்த்துக் கை குலுக்கியதும் உண்டு. அப்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இன்றைக்குத் தாளில் அக்காவின் பெயர் இருந்தது. சிரிப்பு வரவில்லை.

“அவங்க உயிரோட இருக்காங்கய்யா,” என்றார்.

“இருக்கட்டும் சார், நல்லா இருக்கட்டும். நாம தயாரா இருக்கணும்ல?” என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளன். எதிலும் முந்திக்கொள்வதால் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். மற்ற சேனல்கள் வாயைத் திறப்பதற்குள் இவன் கத்தி முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய பத்திரிகை தர்மம்.

அக்கா அவருடைய சொந்த அக்கா இல்லை. வானொலியில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து மாறி மாறிச் செய்தி வாசித்தவர்கள். வெண்கலத்துக்கு அந்த நாட்களில் தீராத இருமல். அவருடைய மைக்கை மட்டும் அடைக்க மேஜையில் ஒரு பொத்தான் உண்டு. அவர் முகம் சிவக்கிறதைப் பார்த்தே அக்கா அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு, அவருடைய வரியைத் தானே எடுத்து வாசித்துக்கொண்டு போய்விடுவார். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த இருமல் வெளியே தெரிந்திருந்தால் வெண்கலத்தின் வேலை அன்றைக்கே போயிருக்கும். அதை அக்கா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

வேறு எவனாவது வாசித்து அக்காவைக் கடித்துத் துப்புவதைவிட நானே வாசித்துவிடுகிறேன் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். மனிதனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

வாசித்தார். முந்திரிக்கொட்டை உதட்டைப் பிதுக்கினான்.

“சார், கொஞ்சம் ஈரம் பத்தல. அந்த அமைச்சர் போனப்போ ஒண்ணு போட்டீங்களே, கடைசி வரியில தொண்டை அடைக்கிற மாதிரி? அது வேணும் சார். ஆபீஸ்ல பாதிப் பேர் அழுதாங்க.”

அந்த அமைச்சர் ஊரை அடித்து உலையில் போட்டவர். அவருக்காக அடைத்த தொண்டை அக்காவுக்கும் அடைக்க வேண்டும். முடியாது என்று சொல்லத்தான் வெண்கலம் வாயைத் திறந்தார். ஆனால் தொண்டை அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது. ‘என் சொந்த அக்காவை இழந்துவிட்டேன்’ என்ற வரியில், ‘அக்காவை’க்கு அப்புறம், குழாயைத் திருகிய மாதிரி விம்மல் வந்து நின்றது. அளவாக வந்தது, அளவாக நின்றது.

“பிரமாதம் சார்,” என்று முந்திரிக்கொட்டை கை தட்டினான்.

வெண்கலம் நேரே கழுவு தொட்டிக்குப் போய்த் துப்பினார். கொப்பளித்துத் துப்பினார். வாயில் இருந்த கசப்பு போகவில்லை.

ஒரு நாள் பொறுத்துப் பார்த்தார். சோறு இறங்கவில்லை. அக்கா நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்னாலேயே அழுது முடித்தாயிற்று. இது எங்காவது உண்டா? அக்கா கண்ணை மூடுவதற்குள் நேரில் போய், இப்படி ஒரு கேவலத்தைச் செய்துவிட்டேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். நாலு திட்டு திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் மாலை போனார். தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் அக்கா சாய்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மகள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு தொலைக்காட்சி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“வாப்பா தம்பி. இப்பதான் வழி தெரிஞ்சுதா?” குரல் மெலிந்திருந்தாலும் கிண்டல் குறையவில்லை. “இந்த லிஃப்ட்ல உன் குரலைக் கேட்டுட்டுத்தான் மேல வந்தேன். ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கேன், ‘தயவுசெய்து வழிவிட்டு நிற்கவும்’ங்கிற. எங்கடா நகர்றது?”

மகள் சிரித்தாள். வெண்கலமும் சிரித்துவிட்டு, இதுதான் சமயம் என்று நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்தார். “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொல்வதற்குள் சுவர் சொல்லிவிட்டது.

திரையில் அக்காவின் பழைய படம், கறுப்புக் கட்டத்துக்குள். கீழே ‘முதன்முதலில் நமது சேனலில்’ என்று சிவப்புப் பட்டை. பின்னால் ஒரு வயலின் முனகல். அதற்கு மேல் வெண்கலத்தின் குரல். இதே ஆஸ்பத்திரியில் வேறு யாரோ இறந்ததை, அக்காதான் என்று எவனோ போனில் உளறியிருக்கிறான். முந்திரிக்கொட்டை முந்திவிட்டான்.

மகள் பதறி எழுந்து ரிமோட்டைத் தேடினாள். அக்கா கையை உயர்த்தி, விடு என்று சைகை காட்டினார். முழுக்கக் கேட்டார், செய்தி வாசிக்கும் நாட்களில் கேட்பது போலத் தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு. ‘என் சொந்த அக்காவை’ வந்தது. விம்மல் வந்தது. வெண்கலத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

முடிந்ததும் மகள் தொலைக்காட்சியை அணைத்தாள். வெண்கலத்தை அவள் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. அதை ஒளிக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

“நல்லா வந்திருக்கு,” என்றார் அக்கா. “வயலின்தான் வேண்டாம். எப்ப எடுத்தது?”

“முந்தாநாள்க்கா.”

“என்னை வந்து பார்த்துட்டு எடுத்திருக்கலாம்ல?”

வெண்கலம் அணைந்த திரையைப் பார்த்தார்.

“அந்த அழுகை,” என்று அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். “அமைச்சருக்குப் போட்டதுதானே?”

வெண்கலத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. நிறுத்துவதற்காக எடுத்தவர் தவறுதலாக ஏற்கிற பொத்தானை அழுத்திவிட்டார். ஒலிபெருக்கியில் முந்திரிக்கொட்டையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“சார், பெரிய தப்பாயிடுச்சு. அவங்க இருக்காங்களாம். உடனே ஒரு மறுப்பு போடணும், ‘அக்கா மீண்டு வந்தார்’னு, சந்தோஷக் குரல்ல. நீங்க எங்க சார்? ஆஸ்பத்திரியிலயா? அடடா, நல்லதாப் போச்சு. அவங்க கையைப் பிடிச்ச மாதிரி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்க. முடிஞ்சா கண்ணுல லேசா…”

“வைடா போனை,” என்றார் வெண்கலம். அதைக்கூடக் கத்தவில்லை. அவன் மேல் வந்த அருவருப்பைவிடத் தன் மேல் வந்தது பெரிதாக இருந்தது. அவன் கேட்டான், கொடுத்தது யார்?

போனை வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். நெஞ்சு நிஜமாகவே வலித்தது. கண்ணில் நிஜமாகவே நீர் முட்டியது.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்க,” என்றார்.

கணீரென்று வந்தது. ‘என்னை’க்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அதில் ஒரு விம்மல், அளவாக. அவர் காதிலேயே அது விழுந்தது. உரித்த ஆரஞ்சோடு மகளின் கை அப்படியே நின்றது.

“இப்படி வேண்டாம்பா,” என்றார் அக்கா மெதுவாக. “சும்மா பேசு. வீட்டுல பேசற மாதிரி.”

“உங்களுக்கு நான் செஞ்சது…” மறுபடியும் அதே வெண்கலம், அதே ஏற்ற இறக்கம். நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அது காதல் நாடகத்துக்குப் பேசிய குரலாக இருந்தது. வேகமாகச் சொன்னார், தலைப்புச் செய்தியாக இருந்தது. கெஞ்சிப் பார்த்தார், அந்த விம்மல் தன் இடத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் எப்படிப் பேசுவோம் என்று யோசித்தார், நினைவுக்கு வரவில்லை.

“அக்கா, சத்தியமா இது நிஜம்,” என்றார். அதுவும் நன்றாகத்தான் வந்தது.

அக்கா களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

“அதை அணைச்சிடும்மா,” என்றார் மகளிடம்.

தொலைக்காட்சி எப்போதோ அணைந்திருந்தது.