பக்கத்து இருக்கையின் எடை

காபிக் கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசைமேல் காரின் முன்சக்கர சஸ்பென்ஷன் படங்கள் மூன்றை வரிசையாகப் பரப்பினான் லெனர்ட். "சொல்லு, எது?" என்றான். டோரீன் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்திருந்த சூட்டுப் பையைச் சற்று மேலே இழுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வெளியே ராயல் ஓக் ஊரின் தெருவில் மார்ச் மாதத்துப் பனி அழுக்கேறிக் கிடந்தது. கராஜில் அறுபத்தொன்பதாம் வருடத்து ஜி.டி.ஓ. கார் முன்சக்கரங்கள் இல்லாமல், பல் பிடுங்கிய வாயோடு முட்டுக்கொடுத்து நின்றது.

அவள் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. முதுகெலும்பில் இரண்டாவது அறுவை முடிந்து குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தபோது, அவன் வாங்கிப் போட்ட கார்ப் பத்திரிகைகளை வரி விடாமல் படித்திருந்தாள். முதல் படத்தில் இருந்தது பழைய அமைப்பேதான். ரப்பர் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் மட்டும் புதிது. கடைசிப் படம் பந்தயக்காரர்களுடையது: கனத்த ஸ்பிரிங், விறைத்த புஷ், வண்டியைத் தரையோடு தரையாக இறக்கிவிடும், ரோட்டில் கிடக்கும் குச்சியைக்கூட முதுகுத்தண்டில் எழுதிக் காட்டும். நடுவில் இருந்ததுதான் அவளுடையது. மேலே சக்கரத்தைத் தாங்கும் புது ஆர்ம், அதன் நுனியில் உயரமான பால் ஜாயின்ட், ஆனால் மெத்தென்ற ஸ்பிரிங். திருப்பத்தில் டயர் தரையை விடாது, பிரேக் போட்டால் மூக்கு குத்தாது, பள்ளத்தில் விழுந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தாங்கும்.

"நடுவுல இருக்கறது" என்றாள்.

"மூணாவதைக் கொஞ்சம் பாரேன். கார் க்ளப்ல எல்லாப் பயலும் அதைத்தான் போட்டிருக்கான்."

"க்ளப்ல எந்தப் பயலோட முதுகுலயும் ஆறு திருகாணி இல்ல, லென்."

அவன் சிரித்தான். "உனக்காகத்தானே இவ்வளவும் பண்றேன், கெழவி. நடுவுல இருக்கறதே இருக்கட்டும்."

உனக்காகத்தான் என்று அவன் சொன்னதை அவள் பல நாள் மனதுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருடா வருடம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கார்க்காரர்களின் திருவிழா. உட்வர்ட் சாலை முழுக்கப் பழைய கார்கள் ஊர்ந்து போகும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தச் சாலையில் அவனுக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. கடந்த இரண்டு ஆகஸ்டும் அவள் வீட்டில் படுத்திருந்தாள், அவன் தனியாகப் போய்விட்டு வந்தான். இந்த வருடம் உட்காரலாம் என்று முதுகுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். குலுங்கக் கூடாது, அதைவிட முக்கியமாக, பிரேக் போடும்போது முன்னால் சரியக் கூடாது. அந்த ஒரு நாள் அந்த இருக்கையில் உட்கார வேண்டும். டோரீன் வேறு எதுவும் கேட்கவில்லை.

முன்னால் சரிவது என்றால் அவளுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. அவள் பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை பார்த்த நாட்களில், சாயங்காலம் வாசலில் நிற்பாள். லெனர்ட் தெருமுனையிலிருந்து வேகமாக வந்து, அவள் காலடியில் பிரேக்கை மிதிப்பான். இதே ஜி.டி.ஓ.வின் மூக்கு அப்படியே தாழ்ந்து, ஒரு கணம் நின்று, நிமிரும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மகாராணி, வண்டி கும்பிடுது பாரு" என்பான். எத்தனை வருடமானாலும் அதே வசனம். சண்டை போட்ட நாட்களிலும் வண்டி மட்டும் கும்பிட்டது. அந்தக் கும்பிடுதான் இப்போது முதுகுக்கு ஆகாது என்றார்கள். ஆகாததைத் தானே கைகாட்டி எடுக்கச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. போகட்டும், உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்குக் கும்பிடு என்று தேற்றிக்கொண்டாள்.

ஏப்ரலில் பெட்டிகள் வந்தன. லெனர்ட் ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணி விரித்த மேடையில் வைத்தான். ஆர்ம்கள் அவள் சொன்னவைதான். ஸ்பிரிங்கைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. கம்பி கட்டைவிரலைவிடத் தடிமனாக இருந்தது.

"இது நாம பேசின ஸ்பிரிங் இல்லையே."

"ஆர்ம் நீ சொன்னதுதானே? ஸ்பிரிங் மட்டும் ஒரு படி கெட்டி. ரொம்ப மெத்துனு இருந்தா திருப்பத்துல வண்டி சாயும், டோர்."

"எந்தத் திருப்பத்துல? உட்வர்ட் நேர் ரோடு."

"நல்லாப் பேசுற" என்று சொல்லி அவள் தோளில் தட்டினான், கையில் கிரீஸ் இருப்பது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டான். "ஓட ஓட இளகிடும், பாரு."

ஸ்பிரிங் அப்படி இளகாது என்பது அவளுக்குத் தெரியும். அது தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். திருப்பி அனுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சீட்டியடித்தபடி ஆர்ம்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதங்களில் அவனிடம் இல்லாத சீட்டி. அதைக் கெடுக்க மனமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூன் கடைசியில், பான்டியாக் ஊரில் மெக்கானிக் ஆர்லோவின் கடைக்குச் சக்கர அலைன்மென்ட் பார்க்கப் போனார்கள். லெனர்ட் ஜி.டி.ஓ.வை ஓட்டினான், டோரீன் பின்னால் தன் காரில் வந்தாள், புது வேலை, வழியில் ஏதாவது ஆனால் கூட ஒரு வண்டி வேண்டும் என்று அவன் சொன்னதால். ஆர்லோவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் ஏறினால் வண்டி தாழும், தாழ்ந்தால் சக்கரத்தின் சாய்வு மாறும். அதனால் வண்டியில் யார் உட்காரப் போகிறார்களோ அவர்கள் எடையை இருக்கையில் ஏற்றிவைத்துவிட்டுத்தான் அளப்பான். அதற்கென்றே தண்ணீர் சுத்தம் செய்யும் உப்பு மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தான்.

ஓட்டுநர் இருக்கையில் ஒவ்வொன்றாக மூட்டைகளைத் தூக்கிப் போட்டான். "டேய் லென், போன வருஷத்துக்கு இப்ப ஒரு மூட்டை கூடிட்டியே. வீட்ல நல்ல கவனிப்போ?"

"நானே சமைச்சுத் தின்னது, அதான் கூடிருச்சு."

ஆர்லோ மறுபக்கம் வந்து கதவைத் திறந்தான். டோரீனைப் பார்த்துக் கண்ணடித்தான். "இந்தப் பக்கம் எத்தனை மூட்டைன்னு நானாக் கேக்க மாட்டேன். அடி வாங்கின அனுபவம் இருக்கு. நீங்களே சொல்லிருங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள், முன்சக்கரத்தருகில் குனிந்திருந்த லெனர்ட் தலையைத் தூக்காமல் சொன்னான்: "அந்தப் பக்கம் ஒண்ணும் வேணாம். காலியா வச்சே பாரு."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். டயரில் காற்று போதும் என்பதைப் போலச் சொன்னான். ஆர்லோ தூக்கிய மூட்டையை வயிற்றோடு அணைத்தபடி அவளையும் அவனையும் பார்த்தான். பிறகு மூட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, காபி வேண்டுமா என்று யாரையும் பார்க்காமல் கேட்டான்.

டோரீன் வண்டி நின்ற மேடைக்குப் போகும் சரிவுப் பலகைமேல் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். திறந்திருந்த கதவு வழியாக, பயிற்சிப் பெண் சொல்லிக் கொடுத்தபடி முதலில் இடுப்பை வைத்து, பிறகு கால்களைச் சேர்த்து உள்ளே இழுத்து, உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அவள் ஏறினால் அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்து அவளை வாங்கிக்கொள்ளும். இப்போது கார் பெயருக்குக்கூட அசையவில்லை. சக்கரச் சாய்வைக் காட்டும் சுவர்த் திரையில் கடைசி எண் மட்டும் ஆடி நின்றது.

"யாரது?" என்று நிமிர்ந்தான் லெனர்ட். "டோர், இறங்கு. அளவு மாறுது."

"மாறட்டும். நான் உக்காந்தா எவ்வளவு மாறுதுன்னு பாத்து வைக்கலாமே."

"வெளையாடாத. ஆர்லோவுக்கு அடுத்த வண்டி காத்திருக்கு." பிறகு, குரலைத் தாழ்த்தி, நல்லவனாக: "எப்பவும் ஓட்டப் போறது நான் ஒருத்தன்தானே. அதுக்குத்தான் சொன்னேன்."

இரண்டு ஆகஸ்டுகள் தனியாகப் போய்வந்ததில் அவனுக்கு அது பிடித்துப்போயிருந்தது. அதை அவன் தனக்கே இன்னும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். ஆர்லோ கை கொடுக்க வந்தான். அவள் கதவைப் பிடித்துத் தானே இறங்கினாள். காலி இருக்கையோடு அளந்து, திருகி, மறுபடி அளந்து, கச்சிதம் என்றான் ஆர்லோ.

ஆகஸ்டில் அந்தச் சனிக்கிழமை காலையில் லெனர்ட் காரை வாசலில் நிறுத்தி, "வரியா?" என்று கேட்டான். பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே ஐஸ் பெட்டி இருந்தது. கவிழாதபடி பெல்ட் போட்டிருந்தான். "எடுத்துப் பின்னாடி வைக்கணும்னா வச்சிடறேன்" என்றான்.

"வேணாம். முதுகு இழுக்குது."

"அதான் நானும் நெனச்சேன்" என்றான் உடனே. "நீ ஓரத்துல சேர் போட்டு உக்காரு. உள்ள இருந்தா என்ன தெரியும்? வெளிய இருந்து பாத்தாத்தான் வண்டி அழகு."

சாலையோரப் புல்தரையில் மடக்கு நாற்காலிகள் நெருக்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டு ஐலீன் அவளுக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள். பெட்ரோல் புகையும் பொரித்த வெங்காய வாசனையும் கலந்து வந்தன. மதியம் தாண்டி, சிவப்பும் பச்சையுமாக ஊர்ந்த வரிசையில் அந்த ஜி.டி.ஓ. தெரிந்தது. தரையோடு ஒட்டி, ஆடாமல் அலுங்காமல் வந்தது.

"உன் ஆளுடி!" என்று ஐலீன் அவள் முழங்கையை இடித்தாள். "என்னமா மினுக்கி வச்சிருக்கான்!"

லெனர்டும் அவளைப் பார்த்துவிட்டான். முன்னால் இருந்த வண்டி நகர்ந்து கிடைத்த இடைவெளியில் வேகத்தைக் கூட்டி வந்து, அவள் நாற்காலிக்கு நேர் எதிரே பிரேக்கை மிதித்தான். டயர்கள் சின்னதாகக் கத்தின. டோரீனின் தலையும் தோள்களும், முதுகில் திருகாணி இருப்பதையும் மறந்து, வண்டி கும்பிடும் என்ற அந்தப் பழைய கணக்கில் முன்னால் குனிந்தன. கார் மட்டும் மூக்கை நிமிர்த்தியபடி, மட்டமாக, நின்ற இடத்தில் நின்றது.