பக்கத்தடியில் ஒரு வார்த்தை

1

இந்தக் கதை நானாக யோசித்துப் பிடித்ததல்ல. ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வலது ஓரத்தில் ஒற்றை வார்த்தை தனியாக நிற்பதைப் பார்த்தேன். அதிலிருந்து வந்தது. இங்கேயும் அப்படி நிற்கும். அச்சுப்பிழை என்று திட்டாதீர்கள், காரணம் வரும்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “பசை வாசனை வீசும் அந்த அறையில் காலம் உறைந்து…” (வேண்டாம். காலம் உறைந்தால் பசை எப்படிக் காயும்?)

                    பைண்டர்

2

பைண்டர் வேலை பார்க்கும் ஓர் அண்ணி. அவளோடு பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார். சண்டை எதற்கு என்பதை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அவர்களுக்கே அது சரியாக நினைவில்லை. ஒரு நாள் நாத்தனார் தானாகப் பட்டறைக்கு வந்து, தன் அப்பா வைத்திருந்த புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். குதிரை வைத்தியம். (அந்த வீட்டில் யாரிடமும் குதிரை இருந்ததில்லை. மனிதருக்குப் படிக்க ஏதாவது வேண்டியிருந்தது.)

“அண்ணி, இதைக் கொஞ்சம் கட்டிக் குடுங்க.”

அவ்வளவுதான் பேசினாள். அண்ணி அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே புத்தக முதுகிலிருந்த பழைய பசையை ஈரத்துணியால் ஊறவைத்தாள், தாள் தாளாகப் பிரித்தாள், மேசையில் காயப்போட்டாள். பிரிக்கும் முன் மூலையில் பென்சிலால் எண் போடுவது தொழில் வழக்கம். மறந்துபோனாள். அச்சில் இருந்த பக்க எண்களோ, முன்பு கட்டிய எவரோ மேல் ஓரத்தை வெட்டியபோது கத்தியோடு போய்விட்டன.

மறுநாள் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். புழுக்கம் தாங்காமல் ஃபேனைப் போட்டாள்.

                    தாள்கள்

3

தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. அண்ணி பதறி ஓடி ஃபேனை நிறுத்தினாள். இந்தப் புத்தகம் கெட்டால் நாத்தனார் இனி இந்தப் படி ஏறமாட்டாள்.

(இங்கே நாத்தனாரைக் கத்தவைத்தேன். பொருந்தவில்லை. ஃபேனைப் போட்டது அவளாயிற்றே.)

“நான் வந்து வம்பை இழுத்துட்டேனே,” என்று முட்டி போட்டுப் பொறுக்கினாள். “அண்ணி, இது என்ன, அடியில ‘லாடம்’னு தனியா நிக்குது?”

அண்ணிக்கு உயிர் வந்தது. “அடுத்த பக்கம் ‘லாடம்’னுதான் ஆரம்பிக்கும்மா. வரிசை தப்பாம இருக்க, அந்தக் காலத்து அச்சாபீஸ்ல பைண்டருக்குன்னு வச்சது.” (பைண்டருக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா? பயத்தில் எனக்கு என் வீட்டு முகவரியே மறந்திருக்கிறது.)

இரண்டு பேரும் தரையில் தவழ்ந்தார்கள்.

“‘குளம்பு’ இருக்கா?”

“இங்க இருக்கு. ‘வீக்கம்’ உங்களுக்கா?”

“குதிரைக்கு.”

சிரித்துவிட்டார்கள். பல வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட மிக நீண்ட பேச்சு அதுதான், முழுக்கக் குதிரையைப் பற்றியது.

                    கடைசித்

4

கடைசித் தாளைப் பார்த்த அண்ணி மறுபடி பதறித் தேட ஆரம்பித்தாள். “நொண்டிய குதிரையும் இவ்விதம் கட்டுப்போட்டுப் பொறுத்திருந்தால் மறுபடி” என்று பக்கம் முடிந்திருந்தது. அடியில் ‘நடக்கும்’. அடுத்த தாள் மேசைக்கடியில் இல்லை, பசைச் சட்டிக்குப் பின்னால் இல்லை, எங்கேயும்…

“தேடாதீங்க அண்ணி. அது அப்பா காலத்துலயே இல்ல.”

அண்ணி அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும்தான் நிம்மதி, அந்தத் தாளை எங்கிருந்து கொண்டுவருவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு இரண்டு எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (அவர்கள் அந்த ரகம் இல்லை.) இன்னொன்றில் பழைய சண்டையை எடுத்து… கிழித்துவிட்டேன். நாத்தனார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னாள். அது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தாள் என்னிடம் இல்லை. அதன் முதல் வார்த்தையை மட்டும் உங்களுக்கு வைத்துவிட்டுப் போகிறேன்.

                    “நாளைக்கு