பெயர் வாசிக்கும் ஞாயிறு

எங்கள் சபைக்குப் புதிதாக யார் வந்தாலும் லேசில் விடமாட்டோம். வாசலிலேயே நாலு பேர் கை குலுக்குவார்கள். ஆராதனைக்கு நடுவே எழுந்து நிற்கச் சொல்லி ஊர், பேர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெல்லக் காப்பியைக் கையில் திணித்து, அது தீருவதற்குள் இன்னொரு டம்ளர் ஊற்றுவார்கள். மதியச் சாப்பாடு ஒரு மூப்பர் வீட்டில். இத்தனையும் தாங்கிக்கொண்டு ஒருவர் அடுத்த ஞாயிறும் வந்தால் அவர் உண்மையான விசுவாசிதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஜமுனாமரத்தூரிலிருந்து நாலு மைல் உள்ளே, முப்பது குடும்பங்கள் உள்ள பிரஸ்பிட்டேரியன் சபை அது. மற்ற சபைகள் ஒன்றாகச் சேர்ந்த காலத்தில் எங்கள் பெரியவர்கள் சேராமல் நின்றுவிட்டார்கள். ஏன் என்று இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. போதகர் ஒருவர் உண்டு, ஆனால் மூப்பர்கள் கூடித் தீர்மானம் போடாமல் எங்கள் கோயிலில் ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. என் வீட்டுக்காரர் கண்ணாயிரம் ஐந்து மூப்பர்களில் ஒருவர். சபையின் பெயர் ஏடு அவரிடம்தான் இருந்தது. நான் சபைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் மாதம்மாள் வந்தாள். மேற்கே ஒரு மலைக் கிராமத்துக்காரி. இருபத்தைந்து வயதிருக்கும், புருஷன் இல்லை. ஒரு கையில் ஐந்து வயது மகள் சின்னக்குழந்தை, இன்னொரு கையில் துணி மூட்டை. அவளை ஊரில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். யாரும் பேசக்கூடாது, நெருப்புக் கொடுக்கக்கூடாது, ஏர் கொடுக்கக்கூடாது. திருவிழாவுக்கு முன் நடக்கும் ஊர்க் கூட்டத்துக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்பது குற்றம். அன்றைக்கு அவள் காய்ச்சலில் கிடந்த மகளோடு வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள்.

அவளை எங்கே தங்க வைப்பது என்று மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். பழனி மூப்பர், காட்டு இலாகாவில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாராம்: "உங்க வூட்ல ஒரு ரூமு சும்மாதான கீது."

அது எங்கள் மகன் ராஜேந்திரனின் அறை. பழனி மூப்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் வந்து என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு அறையைக் கூட்டினேன்.

ராஜேந்திரன் போய் அப்போது இரண்டு வருஷம். பதினேழு வயது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆறு நாள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைப்பதில்லை. பசித்தால் சாப்பிட்டேன், மணி அடித்தால் பள்ளிக்கூடம் போனேன், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது எல்லாம். வீட்டில் நானும் இவரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் பேசாததால் சபையிலும் யாரும் பேசவில்லை. நல்ல மனிதர்கள், எங்களை நோகடிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் ஏடு இருந்தது. எங்கள் சபையில் வருஷத்துக்கு நாலு தரம் நற்கருணை, அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை. அதற்கு முன்னால் ஏட்டிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அவரவர் "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். செத்தவர் பெயரை அடிக்க மூப்பர்கள் தீர்மானம் போட வேண்டும். ராஜேந்திரன் விஷயத்தில் அந்தத் தீர்மானத்தை என் வீட்டுக்காரர் கொண்டுவரவில்லை, மற்றவர்கள் கேட்கவும் துணியவில்லை. அதனால் இவர் ஒவ்வொரு தடவையும் வாசித்தார். "ராஜேந்திரன், கண்ணாயிரம் மகன்." பிறகு ஒரு மௌனம். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். பிறகு அடுத்த பெயர். எட்டுத் தடவை இப்படி நடந்துவிட்டது. அந்த மௌனத்தை நான் வெறுத்தேன். எல்லாம் போனாலும் வெறுப்பு மட்டும் எனக்கு எப்படியோ மிச்சம் இருந்தது.

மாதம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே விடியுமுன் வாசல் தெளித்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். சபைப் பெண்கள் படை எடுத்து வந்தார்கள். ஒருத்தி கேழ்வரகு, ஒருத்தி பழைய புடவை, ஒருத்தி குழந்தைக்குப் பாவாடை. பாட்டுப் பயிற்சிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் எல்லோரையும்விடச் சத்தமாக, எல்லோருக்கும் ஒரு அடி பின்னால் பாடினாள். யாரும் திருத்தவில்லை. சாயங்காலம் நான் அவளுக்கு ஞானஸ்நானத்துக்கு வேண்டிய வினாவிடை சொல்லிக் கொடுத்தேன். என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள், அதனால் செய்தேன். அவளை எனக்குப் பிடித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐப்பசி மாத நற்கருணை ஞாயிறன்று அவள் காரியத்தை மூப்பர்கள் முடிவு செய்வதாக இருந்தது. ஒப்புக்கொண்டால் தாய்க்கும் மகளுக்கும் ஞானஸ்நானம், சபை நிலத்தில் ஒரு குடிசை. இல்லையென்றால் அவள் மலையை விட்டு இறங்கி, அமிர்தி பக்கம் காட்டு இலாகா நடவு வேலைக்குப் போக வேண்டியதுதான். திரும்பிப் போக அவளுக்கு ஊர் இல்லை.

அறையில் ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. ஒருநாள் அதைத் துவைக்கலாமா என்று மாதம்மாள் கேட்டாள்.

"யாருதுங்க இது?"

"என் பையனுது."

"ஆஸ்டல்ல தங்கிப் படிக்குதுங்களா?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள்.

அந்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் பாயில் நானும் மாதம்மாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பெயர் வாசிப்பதை அவள் முதல் தடவையாகக் கேட்கிறாள். என் வீட்டுக்காரர் வாசிக்க வாசிக்க, அங்கங்கே "இருக்கிறேன்", "இருக்கிறேன்" என்று குரல் எழுந்தது. என் பெயர் வந்தது. சொன்னேன்.

"ராஜேந்திரன், கண்ணாயிரம் மகன்."

தலைகள் குனிந்தன. நான் பாயில் ஒரு கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீறானுங்க" என்றாள் மாதம்மாள்.

இருக்கிறான் என்று, பாட்டுப் பாடும் அதே சத்தத்தில் சொன்னாள். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அடுத்த பெயரை வாசித்தபோது அவர் குரல் பாதிதான் வந்தது. நான் அவளைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏதோ ஒத்தாசை செய்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு ஆராதனை முடிந்து யாரும் அவளுக்குக் காப்பி ஊற்றவில்லை.

மூப்பர்கள் பின்னறையில் கூடினார்கள். நானும் அவளும் வெளியே படியில் இருந்தோம். குழந்தை எங்கேயோ விளையாடப் போயிருந்தது. ஜன்னல் வழியே பழனி மூப்பர் பேசியது நன்றாகக் கேட்டது. "ஞானஸ்நானம் எடுக்கறதுக்கு முன்னாலயே நற்கருணைப் பந்தியில பொய். நெலத்துக்காகத்தான் வந்தான்னு நாளைக்கு ஜனம் சொல்லும். ஒரு வருசம் போவட்டும், பாக்கலாம்." ஒரு வருஷம் அவள் எங்கே போவாள் என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வாசலிலேயே நின்றேன். அந்த அறைக்குள் கூப்பிடாமல் பெண்கள் போவது வழக்கமில்லை.

"அந்தப் பேருக்கு நீ ஏம்மா பதில் சொன்ன?" என்று கேட்டார் பழனி மூப்பர்.

மாதம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "யாரும் சொல்லலீங்களே. அதான் சொன்னேன்."

"யாரும் சொல்லலன்னா நீ சொல்லுவியா?"

"எங்க ஊர்ல அப்படித்தானுங்க. கூட்டத்துல வூட்டு வூட்டா பேரு கூப்புடுவாங்க. எதுனா ஒரு வூட்டுல குரல் வரலன்னா பக்கத்துல கீறவங்க 'கீறான்'னு சொல்லணும். சொன்னவங்க அந்த வூட்டு வேலைய அவங்க வர்ற வரைக்கும் சேத்துச் செய்யணும். யாரும் சொல்லலன்னா அந்த வூட்ட ஒதுக்கி வச்சிடுவாங்க. எனக்கு யாரும் சொல்லலீங்க. ஒரு கொரலு வந்திருந்தா நான் ஊர்லயே இருந்திருப்பேன்."

மாதம்மாள் பழனி மூப்பரை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சரம்மா புள்ள வெளியூர்ல படிக்குது. லீவுல வந்து பாத்தா சபையில எடம் இல்லன்னு ஆயிடக்கூடாதில்ல. கோயில் கூட்டுற வேல, தண்ணி எடுக்கற வேல எதுவாயிருந்தாலும் அது வர்ற வரைக்கும் நான் செய்றேங்க."

பழனி மூப்பர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு மாசமா அந்த வூட்டுலதான் கீற. ஒனக்குத் தெரியாதுன்னா யாரும்மா நம்புவாங்க?"

"இன்னா தெரியணுங்க?"

ஐந்து மூப்பர்களும் போதகரும் இருந்தார்கள். தினமும் வேதம் வாசிப்பவர்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் அது வரவில்லை. என் வீட்டுக்காரரை மனதில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். அவர் ஏட்டைப் பார்த்தார். இவள் கெடப்போகிறாள், நான் வாயைத் திறக்காததால் கெடப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பயம் வந்தது. இரண்டு வருஷத்தில் எனக்கு வந்த முதல் பயம்.

உள்ளே போனேன்.

"அவளுக்குத் தெரியாது. அவ கேட்டா, நான் சொல்லல" என்றேன். "என் பையன் செத்துட்டான். ரெண்டு வருசமாச்சு. அத நான் அவகிட்ட சொல்லல. யாருகிட்டயுமே சொல்லல."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொன்னால் ஏதோ இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒன்றும் விழவில்லை. வெளியே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஏட்டைத் திறந்தார். "இந்தம்மா பொய் சொல்லல. தப்பு எங்க வூட்டுது. இவங்கள சேத்துக்கறதுக்கு யாருக்கு சம்மதம்?" பழனி மூப்பர்தான் முதலில் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். இவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இன்னொரு தீர்மானமும் கீது" என்றார். அது என்ன என்று சொல்ல அவரால் முடியவில்லை. பேனா மையோடு அப்படியே நின்றது.

மாதம்மாளுக்குத் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதே காதில் விழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"அழுதியா அக்கா?"

"இல்ல."

அடக்கத்தன்று நாங்கள் ஞானப்பாட்டுப் பாடினோம். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் மாரடித்து அழமாட்டார்கள் என்று அப்போதைய போதகர் பிரசங்கம் செய்தார். நாங்கள் அழவில்லை. எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள்.

மாதம்மாள் தரையில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்கார வைத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அவள் செய்யப்போவது எல்லோருக்கும் புரிந்தது. பழனி மூப்பர் பாதி எழுந்து, "இது கோயிலும்மா" என்றார்.

"உக்காருங்க, அழுவட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் குரலை எடுத்தாள். ஒரு அடி போனதும் நிறுத்திவிட்டாள். "எதுனா சொல்லு அக்கா. புள்ளயப் பத்தி ஒண்ணும் தெரியாம எப்படி அழுவுறது?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். ஆறு ஆண்களும் காத்திருந்தார்கள்.

"இடின்னா பயப்படுவான்" என்றேன். "பதினேழு வயசிலயும். ரூமு ஒழுகுதுன்னு பொய் சொல்லிட்டு எங்ககிட்ட வந்து படுத்துக்குவான்."

மாதம்மாள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். இடிக்குப் பயந்த பிள்ளையை, ஒழுகாத கூரை ஒழுகுதென்று சொன்ன பிள்ளையை, அவள் பார்த்தேயிராத என் பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். என் வீட்டுக்காரர் ஏட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் அழவில்லை, எனக்கு வரவில்லை.

மூச்சு வாங்க நிறுத்தினாள். "இன்னும் சொல்லு அக்கா" என்றாள்.

சொன்னேன்.