கலிஸ்ரா கொடுத்த இரண்டு குளிசை

நாயாற்றுக் கிராமத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் வைத்தியம் பக்கத்து வீட்டு அலுமாரியில்தான். டொக்டர் தந்த குளிசை பாதி முடியும்போதே சுகம் வந்துவிட்டால், மிச்சத்தை எறிய யாருக்கு மனம் வரும்? கலிஸ்ராவுக்கும் வரவில்லை. நாளுக்கு ஒன்றாக மூன்று நாள் போடச் சொன்னதில் ஒன்றோடு அவளுடைய இருமல் நின்றுவிட்டது. மற்ற இரண்டையும் கடதாசியில் சுற்றி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை, தமையன் மனைவி புனிதம் இருமி இருமிக் களைத்துப் போயிருந்ததைப் பார்த்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"நெஞ்சுக் குளிசையோட இதைப் போடலாமோ?" என்று புனிதம் கேட்டாள்தான். இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறதென்று கிளினிக்கில் அவளுக்கு மாதாமாதம் குளிசை கொடுக்கிறார்கள்.

"அது நெஞ்சுக்கு, இது சளிக்கு. ரெண்டுக்கும் என்ன சண்டையே? போடுங்கோ மச்சாள்."

தண்ணீரையும் கலிஸ்ராவே வார்த்துக் கொடுத்தாள். பெரிய டொக்டர் இவ!

அன்று பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை. பாதி நிலைகள்கூட முடியவில்லை, முழந்தாளிலிருந்து எழும்பிய புனிதம் அப்படியே சரிந்து விழுந்தாள். பெண்கள் சீனி போட்ட தேத்தண்ணியோடு ஓடிவந்தார்கள். தவக்காலம், ஒருசந்தி, வெறும் வயிறு, மயங்காமல் என்ன செய்யும் என்றார்கள். புருசன் அன்ரனும் அதையே சொன்னான். கலிஸ்ராவுக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஆனால் மச்சாளின் கையைப் பிடித்துப் பார்த்தபோது நாடி ஓடியது, நின்றது, பிறகு தலைதெறிக்க ஓடியது. அவளுக்குக் காலையில் கொடுத்த குளிசை நினைவுக்கு வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் அண்ணை," என்று பிடிவாதமாக நின்று ஓட்டோ பிடிக்க வைத்தாள். ஏனென்று மட்டும் சொல்லவில்லை. கணவனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவள் தமையனின் வளவில்தான் இருக்கிறாள். அவன் கோபம் வந்தால் கத்தமாட்டான், வருசக்கணக்கில் கதைக்காமல் விட்டுவிடுவான். அந்தப் பயம் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஈ.சி.ஜி. தாளை இரண்டு தரம் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"புதுசா ஏதும் குளிசை போட்டவாவோ?"

"இல்லை டொக்டர். ஒருசந்தி இருந்தவா, அதுதான்," என்றான் அன்ரன்.

டொக்டர் கட்டில் பக்கம் குனிந்தாள். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா."

புனிதம் மெல்லத் திரும்பி, கால்மாட்டில் நின்ற கலிஸ்ராவைப் பார்த்தாள். பிறகு, "ஒண்டும் போடேல்லை," என்றாள்.

கலிஸ்ரா டொக்டரின் பக்கம் வந்தாள். பாவி, இவள் என்னைக் காப்பாற்றுகிறாள்.

"போட்டவா டொக்டர். காலமை நான்தான் குடுத்தனான். சளிக்கு எனக்குத் தந்ததில மிச்சம்."

அன்ரன் தங்கையைப் பார்த்தான். எழும்பி வெளியே போய்விட்டான்.

டொக்டர் தாதியைக் கூப்பிட்டு, நெஞ்சில் வயர் பூட்டச் சொன்னாள், ஊசி ஏற்றச் சொன்னாள். பிறகு கலிஸ்ராவிடம் திரும்பினாள். "கனபேருக்கு அந்தக் குளிசை ஒண்டும் செய்யாது. இவா போடுற நெஞ்சுக் குளிசையோட சேர்ந்தால் துடிப்பைக் குழப்பும். இனித்தான் கவனமாப் பாக்கவேணும், நான் ஒண்டும் சொல்லேலாது. எத்தினை குடுத்தனீங்கள்?"

"ரெண்டு. எனக்கு முன்னால ஒண்டுதான் போட்டவா."

"மற்றது எங்கே?"

புனிதம் செபமாலைப் பையைத் தடவித் திறந்தாள். மாலைக்கு அடியில், கடதாசியில் சுற்றியபடி அந்தக் குளிசை இருந்தது.

"இவர் அறிஞ்சால் உன்னோட கதைக்கமாட்டார் எண்டுதான் சொல்லேல்லை," என்றாள் கலிஸ்ராவிடம். "மயக்கம் ஒருசந்தியாலதானே எண்டு நினைச்சன். இதை நாளைக்குக் காலமை போட வைச்சிருந்தனான். நீ ஆசையாத் தந்தது."

கோயிலில் விழாமல் இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பாள். கலிஸ்ராவே தண்ணீரும் வார்த்துக் கொடுத்திருப்பாள்.