ஸ்டாப்வாட்ச்காரன்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியை மாதக் கடைசியில் மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. தையல் லைனில் முப்பத்திரண்டு பெண்கள். அப்போதுதான் புதிதாக ஒருவன் ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றான்.

முதல் மெஷின் மீனாம்பாளுடையது, பத்தொன்பது வருஷமாக. ஸ்டாப்வாட்ச்காரன் வந்தால் என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகமாகத் தைத்துக் காட்டினால் மறுநாளே டார்கெட்டை ஏற்றிவிடுவார்கள், அப்புறம் ஒண்ணுக்குப் போகக்கூட நேரம் கிடைக்காது. அதனால் அவள் இரண்டு தடவை இருமுவாள். மொத்த லைனும் வேகத்தைக் குறைத்துவிடும். இத்தனை வருஷம் அந்த இருமல்தான் அவர்களைக் காப்பாற்றியது.

அன்றைக்கும் இருமினாள். மூடப்போகிற கம்பெனியில் எவன் டார்கெட் ஏற்றுவான்? அந்த யோசனையே வரவில்லை. பாழாய்ப்போன பழக்கம்!

பக்கத்து மெஷின் பில்கிஸ் மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள், லைனிலேயே வேகமான கை. மீனாம்பாள் அவள் காலை மிதித்தாள்.

"இன்னாடி, ரொம்பத்தான் பறக்கற? மெதுவா ஓட்டு."

"சரிக்கா," என்று பில்கிஸும் குறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மேனேஜர் மீனாம்பாளைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு வந்தவரு வாணியம்பாடி கம்பெனி ஆளும்மா. உங்க லைனை அப்படியே எடுத்துக்கலாம்னுதான் பாக்க வந்தாரு. முன்னாடியே சொன்னா நடிப்பீங்கன்னு நான் சொல்லல. இவ்ளோ ஸ்லோவான ஆளுங்க வேணாம்னுட்டாரு."

மீனாம்பாள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ சார், எங்க கை வேகம் அதில்ல! வேணும்னே மெதுவா தச்சோம் சார். இன்னொரு தபா வந்து பாக்கச் சொல்லுங்க. எங்க லைனையே காப்பாத்துங்க, உங்க கால்ல விழறேன்."

"வேற ஆளுங்கள பேசிட்டாங்க. ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் சீட்டு மிச்சம்னாரு, காலைல. இப்ப அதுவும் போயிருக்கும்."

மீனாம்பாள் லைனுக்குத் திரும்பி வந்து எதையும் மறைக்காமல் சொன்னாள். தன்னால்தான் என்றும் சொன்னாள். யாராவது முடியைப் பிடித்து இழுத்து அடித்திருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொருத்தியும் குனிந்து தையலைத் தொடர்ந்தாள்.

கடைசியில் பில்கிஸ்தான் மெல்லக் கேட்டாள்.

"எனக்கு மட்டுமாச்சும் ஒரு சீட்டு கேட்டீங்களாக்கா?"

மீனாம்பாள் கேட்கவில்லை. லைனுக்கென்று கேட்டாள், ஒருத்திக்கென்று கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை.