எதிர்க் கட்டடத்துப் பெண்

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டே, அந்த மாணவி தலை நிமிராமல் சொன்னாள்: "கைய லூசா விடு, வாத்து."

அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளை வாத்து என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான், அவள் புருஷன். கல்யாணமான மறுவாரம் அவள் நடையைப் பார்த்து வைத்த பெயர். நாற்பது வருஷமாக நான்கு சுவரைத் தாண்டாத பெயர்.

அவர் இந்த மருத்துவக் கல்லூரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஓய்வு பெற்றவர்களுக்கென்று வளாகத்துக்குள்ளேயே கட்டிய குடியிருப்பில் மூன்றாம் மாடி வீடு கிடைத்தது. "செத்தாலும் இந்தக் காலேஜுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே உடலையும் எழுதி வைத்தார். அம்மாள் மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள், மனுஷன் மசியவில்லை. எட்டு மாதத்துக்கு முன், அவர் உடலை எடுத்துப்போக வண்டி வந்து நின்றபோது கையெழுத்துப் போட்டது அவள்தான். பால்கனியில் நின்றால் மைதானத்துக்கு அப்பால், பிணங்களை மேஜையில் கிடத்திப் பாடம் நடத்தும் உடற்கூறுக் கூடத்து ஜன்னல்கள் தெரியும். பால்கனியில் துணி காயப்போடுவதையே விட்டுவிட்டாள்.

மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா. எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியல." முதலாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறவள். குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் புதன்தோறும் மத்தியானம் வருவாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத மருந்து வாடையும் கூடவே வரும்.

"உங்க மேஜையில இருக்கறவருக்கு இடது உள்ளங்கையில கரண்ட் சுட்ட தழும்பு இருக்கா?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா." ஆனால் அவள் கண் தன் இடது கையைத் தொட்டுவிட்டு வந்தது.

வேறு மாணவியை அனுப்பச் சொல்லலாம் என்று மறுநாள் அலுவலகம் வரை போனாள் அம்மாள். குழாய் ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த புதன் பெண் வந்ததும் அம்மாள் கதவைச் சாத்தினாள். நாடி பிடித்த விரல்கள் ஐஸாய் இருந்தன.

"அங்க ரொம்பக் குளிருதா?"

"எங்கேம்மா?" என்றாள் பெண், குழம்பிப்போய். பிறகு, யாரோ பிடித்து உட்காரவைத்தாற்போல, அவர் எப்போதும் உட்காரும் சோபா ஓரத்தில் சாய்ந்தாள். "கொஞ்ச நேரம் இங்கயே இருந்துக்கறேனே." கண் சொருகிவிட்டது.

அம்மாள் போர்வையைக் கொண்டுவந்து கழுத்துவரை போர்த்தினாள். மூன்று மணிக்கு வகுப்பு மணி அடித்தது. எழுப்பவில்லை. பெண்ணின் செல்போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். மைதானத்துக்கு அப்பால் வெள்ளைக் கோட்டுகள் ஒவ்வொன்றாகக் கூடத்து ஜன்னலுக்கு வந்து, இந்தப் பக்கம் பார்த்து நின்றன.